முதல் பரிசுப் படத்தில் நான் அழித்த கோடு

பகலெல்லாம் பல்லைப் பார்த்து, மாலையெல்லாம் படத்தைப் பார்த்து, இரண்டிலும் சொத்தையைக் கண்டால் சும்மா விடாத பல் மருத்துவர், எங்கள் புகைப்பட மன்றத்தின் தலைவர் அவர்களே! நாற்பத்தெட்டுப் படங்களை நான்கு நாள் நின்றபடியே பார்த்து, கால் வீங்கினாலும் கண் சோராத நடுவர் பெருமக்களே! மேகத்துக்கு மேலே வேலை பார்த்துவிட்டு, இன்று எங்களோடு மடக்கு நாற்காலியில் அமர்ந்திருக்கும் விமானி அவர்களே! அழைப்பை மதித்து இரண்டாம் வரிசைக்கு வந்திருக்கும் விமானப் பராமரிப்புப் பிரிவின் மேலாளர் அவர்களே! பிள்ளைகளை மடியிலும் பைகளைக் காலடியிலும் வைத்துக்கொண்டு பொறுமையாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நான் வேலை பார்க்கும் போட்டோ கடையின் முதலாளி அக்கா அவர்களே! கடைசி வரிசையில் கதவோரமாக அமர்ந்து, எழுந்து போய்விடலாமா என்று யோசிக்கும் மெக்கானிக் அண்ணன் அவர்களே! அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருக்கும் அண்ணி அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்த மன்றத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. படம் எடுத்தவர் தன் படத்தைப் பற்றி மேடையில் வாய் திறக்கக் கூடாது. அதை அச்சிட்டவர்தான் பேச வேண்டும். பெற்றவர் தன் பிள்ளையைப் புகழ வேண்டாம், பிள்ளைக்குச் சட்டை தைத்தவர் பேசட்டும் என்று பெரியவர்கள் வைத்த வழக்கம் அது. அந்த வழக்கப்படி, முதல் பரிசு பெற்ற படத்துக்காக, அதற்குச் சட்டை தைத்தவள் நான் வந்திருக்கிறேன்.

என் தலைக்கு மேலே துணியில் எழுதியிருக்கும் தலைப்பைப் பாருங்கள். ‘விமானி அறையிலிருந்து எடுத்த படங்கள்: தொழில்நுட்பத் தரம் முக்கியமா?’ இதற்கு முக்கியம் என்று சொன்னால் முன்வரிசை கைதட்டும். முக்கியமில்லை என்று சொன்னால் பின்வரிசை கைதட்டும். எனக்கு இரண்டு கைதட்டலும் வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன். பிறகு நீங்களே சொல்லுங்கள்.

முதல் பரிசுப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வாசலுக்கு நேரே, இரண்டு விளக்குகளுக்கு நடுவில் மாட்டியிருக்கிறது. விடியற்காலைச் சூரியன். அதன் கீழே அடுக்கடுக்காக மேகம். அப்படி ஒரு தெளிவு. அதன் கீழே நடுவர்கள் எழுதியிருப்பதைப் படித்தீர்களா? ‘இடையில் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள்.

கண்ணாடி இருந்தது ஐயா! இருந்தது. தெரியாமல் செய்தவள் நான்.

விமானி அறையிலிருந்து வரும் படங்கள் எப்படி வரும் என்று அச்சுக்கூடத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெளியே வானம் ஆயிரம் வண்ணம் காட்டும். உள்ளே விமானியின் வெள்ளைச் சட்டை கண்ணாடியில் பிரதிபலித்துப் பேய் மாதிரி மிதக்கும். அழகான மலை இருக்கும், அதன் உச்சியில் ஒரு பூச்சி அப்பிச் செத்திருக்கும். மழைத்துளி இருக்கும். துடைப்பானின் நுனி ஓரத்தில் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் கணினியில் அழிப்பதுதான் என் வேலை. அதில் எனக்கு நல்ல பெயர். எங்கள் அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்கள்: “எங்க பொண்ணு கிட்ட குடுங்க. படத்துல கொசு உட்கார்ந்தா கொசுவ அழிச்சிடுவா. மூஞ்சில கவலை இருந்தா அதையும் அழிச்சிடுவா.”

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவள்தான்.

விமானி ஐயா இந்தப் படத்தைக் கொண்டுவந்தபோது அது தேறாத படம். பக்கத்து இருக்கையில் இருந்தவர் விமானத்தை ஓட்டிய நேரத்தில், சட்டென்று எடுத்தது. கேமரா மேகத்தைக் கூர்மையாகப் பிடிப்பதற்குப் பதிலாகக் கண்ணாடியைப் பிடித்துவிட்டது. மேகமெல்லாம் மசமச என்று இருந்தது. கண்ணாடியில் இருந்த அழுக்குதான் பளிச்சென்று இருந்தது. “போட்டிக்கு அனுப்பற மாதிரி பண்ண முடியுமாம்மா?” என்று கேட்டார். “பண்ணிடலாம் சார்” என்றேன். ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்தேன். மேகத்துக்குக் கூர்மை ஏற்றினேன். சட்டையின் நிழலை அழித்தேன். பூச்சிக் கறையை அழித்தேன். நீர்த்துளி இரண்டை அழித்தேன். கீழ்மூலையில் மெல்லிசாக ஒரு கோடு இருந்தது. கீறல் என்று நினைத்தேன். அதையும் அழித்தேன். அச்செடுத்தோம். கடையின் முகப்பில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பிரதி வைத்தோம். கீழே தேதி, நேரம், விமானத்தின் எண் எல்லாம் அழகாக எழுதியது யார்? நானேதான்.

இது நடந்து மூன்று வாரம் கழித்து ஓர் அண்ணன் கடைக்கு வந்தார். பாஸ்போர்ட் அளவில் நான்கு படம் வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டால்தான் பின்னணி நிறம் சரியாக வைக்க முடியும். கேட்டேன்.

“வேலைக்கு மனு போடணும்மா.”

“இப்ப எங்கண்ணே வேலை?”

“ஏர்போர்ட்ல மெக்கானிக். திங்கட்கிழமை வரைக்கும்.”

நாற்காலியில் உட்கார வைத்தேன். முகத்தை நிமிர்த்தச் சொன்னேன். அவர் நிமிரவே இல்லை. முகப்பில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னண்ணே, படம் நல்லா இருக்கா?” என்று கேட்டேன், பெருமையாகத்தான்.

“நல்லாத்தான் இருக்கு. என் வேலைக்கு உலை வச்சதே இந்தப் படம்தான்மா” என்றார்.

அவையோரே, அவர் சொன்னதை நான் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

இந்தப் படம் எடுத்த அன்று, விமானம் இறங்கியதும், விமானி பதிவேட்டில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: கண்ணாடியின் கீழ்மூலையில் கோடு போலத் தெரிகிறது, பார்க்கவும். மெக்கானிக் அண்ணன் ஏணி போட்டு ஏறி, விளக்கடித்துப் பார்த்திருக்கிறார். நகத்தால் தடவியிருக்கிறார். “இது கீறல் இல்ல, விரிசல். கண்ணாடி மாத்தாம இது பறக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டார். நூற்று எண்பது பயணிகள் ஒன்பது மணி நேரம் காத்திருந்தார்கள். எத்தனை வசவு வாங்கியிருப்பார், நினைத்துப் பாருங்கள்! கழற்றிய கண்ணாடியாவது சாட்சி சொல்லுமா? கீழே இறக்கும்போது கைநழுவி விழுந்து, முழுக்க வலைப்பின்னலாக நொறுங்கிவிட்டது. அதில் எது பழைய கோடு, எது புதிய கோடு என்று யார் சொல்வது?

விசாரணை வந்தது. வெறும் கீறலுக்கு விமானத்தை நிறுத்தினார் என்று ஒரு பேச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ எங்கள் கடை முகப்பைப் பார்த்திருக்கிறார்கள். அதே தேதி. அதே விமானம். அதே கண்ணாடி. “கோடு எங்கய்யா? கீறலே இல்லையே, விரிசலுக்கு எங்க போறது?” என்று கேட்டுவிட்டார்கள். அண்ணனை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். வருகிற திங்கட்கிழமை முடிவு.

விமானி ஐயா, நீங்களும் எங்கள் முகப்பில் நின்று பார்த்தீர்கள். பார்த்துவிட்டு விசாரணையில் என்ன சொன்னீர்கள் என்று அண்ணனே சொன்னார். ‘வெளிச்சம் பட்டதால் எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்’ என்று சொன்னீர்கள். அந்தக் கோட்டை அழித்ததை நான் உங்களிடம் சொல்லவே இல்லை. உங்கள் இரண்டு கண்ணை விட்டுவிட்டு என் ஒரு படத்தை நம்பினீர்கள். அவ்வளவு தரமாகச் செய்திருக்கிறேன் நான்!

அண்ணன் போனதும் கணினியில் தேடினேன். வந்த படத்தை வந்தபடியே ஆறு மாதம் வைத்திருப்பது எங்கள் கடைப் பழக்கம். இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு இருந்தது. நேராக வந்து, ஓரிடத்தில் மூன்றாகக் கிளை பிரிந்திருந்தது. கிளையின் ஓரங்களில் வெளிச்சம் வண்ணமாகச் சிதறியிருந்தது. அது கீறலா விரிசலா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? எனக்கு அந்தத் தொழில் தெரியாது. ஆனால் கோடு இருந்தது. அதை அழித்தது இந்தக் கை. இதைச் சொல்ல எனக்கு எந்தப் பட்டமும் வேண்டாம்.

இதை மேடையில் சொல்லப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

“அடிப்பாவி! சரி, சத்தமில்லாம ஒரு பிரிண்ட் போட்டு அவர் கையில குடுத்துடு. மேடையில போய் எதுக்கு? கடை பேர் என்னாவறது?”

“யக்கா, தனியா குடுத்தா என்ன சொல்லுவாங்க? கம்ப்யூட்டர்ல கோட்ட அழிக்கத் தெரிஞ்சவளுக்குப் போடத் தெரியாதான்னு கேப்பாங்க. பொய்ப் படம் ஊருக்கு நடுவுல தொங்குது. மெய்ப் படம் மட்டும் சந்து வழியா போவணுமா?”

அக்கா தலையிலிருந்து கையை எடுத்தார்கள். பிறகு சொன்னார்கள்: “போய்ச் சொல்லு. ஆனா அடுத்த தடவ எதையாவது அழிக்கறதுக்கு முன்னாடி, அது என்னன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு அழி.”

அக்கா, இந்தக் கூட்டத்திலேயே சிறந்த பேச்சு நீங்கள் பேசியதுதான். கை தட்டலாம், தட்டுங்கள்!

யாரோ அங்கே கேட்கிறீர்கள். சத்தமாகக் கேளுங்கள் ஐயா. “அப்ப தரமே வேணாங்கிறியா?” என்கிறீர்கள். நல்ல கேள்வி. தரம் வேண்டாம் என்று நான் சொன்னால் நாளைக்கு என் அச்சு இயந்திரமே என்னைப் பார்த்துச் சிரிக்கும். தரம் வேண்டும். மங்கிய படத்தைத் தெளிவாக்க வேண்டும். சாய்ந்த படத்தை நிமிர்த்த வேண்டும். இருட்டில் இருக்கும் முகத்துக்கு வெளிச்சம் தர வேண்டும். ஆனால் எது தரம்? கண்ணுக்கு இனிப்பது மட்டும் தரமா? தலைவர் ஐயா, உங்களைத்தான் கேட்கிறேன். பல்லை எக்ஸ்ரே எடுக்கிறீர்கள். அதில் ஒரு கீற்று தெரிகிறது. அழகைக் கெடுக்கிறது என்று அதை அழித்துவிட்டு, “அருமையான பல்லு, போயிட்டு வாங்க” என்று அனுப்புவீர்களா? அனுப்ப மாட்டீர்கள்! அனுப்பினால் அந்த ஆள் ஒரே வாரத்தில் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்!

விமானி அறைக்குள் நாம் யாரும் போக முடியாது. கதவு பூட்டியிருக்கும். அங்கிருந்து நமக்கு வருவது படம் மட்டும்தான். அந்தப் படத்தில் பூச்சி இருந்தால், வானத்தைக் கிழித்துக்கொண்டு போனார்கள் என்று தெரிகிறது. துளி இருந்தால், மழைக்குள் போனார்கள் என்று தெரிகிறது. சட்டையின் நிழல் இருந்தால், நம்மைச் சுமந்து செல்லும் இயந்திரத்துக்குள் ஒரு மனிதர் விழித்திருக்கிறார் என்று தெரிகிறது. கண்ணாடி இருந்தால்தானே ஐயா, அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நாம் உயிரோடு இருக்கிறோம்! அதை ‘இருப்பதே தெரியவில்லை’ என்று பாராட்டலாமா?

கூர்மை தவறிய கேமரா என்று சொன்னேனே, அந்தக் கேமரா தவறவில்லை. மேகம் எங்கேயும் போய்விடாது என்று விட்டுவிட்டு, அன்றைக்கு எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்த்திருக்கிறது. தவறியவள் நான்.

தம்பி, மேடையில் இருக்கும் இந்தப் படத்தை மூடியிருக்கும் துணியை எடுங்கள். எடுத்துவிடுங்கள், பரவாயில்லை.

இதுதான் வந்த படம். ஒரு புள்ளியைக் கூட நான் தொடவில்லை. மேகம் மங்கல். சூரியன் ஓரத்தில் வெளுத்துப் போயிருக்கிறது. அதோ சட்டை. அதோ பூச்சி. கீழ்மூலையைப் பாருங்கள். பின்னால் இருப்பவர்கள் எழுந்து வந்து பார்க்கலாம். தாய்மார்களே, பிள்ளையைத் தூக்கிக் காட்டுங்கள். தெரிகிறதா? மூன்று கிளை. தெரிகிறதா?

தலைவர் ஐயா, விமானி எழுந்து நிற்கிறார். வழக்கப்படி அவர் பேசக் கூடாது. ஒரு நாளைக்கு, ஒரே ஒரு வாக்கியத்துக்கு, வழக்கத்தை விலக்கி வைப்பீர்களா? தலையசைத்துவிட்டார். சொல்லுங்கள் ஐயா.

கேட்டதா பின்வரிசைக்கு? நான் திருப்பிச் சொல்கிறேன். “கோடு அங்கதான் இருந்துச்சு. நான் பார்த்தேன். இனிமே மாத்திச் சொல்ல மாட்டேன்” என்கிறார்.

மேலாளர் அவர்களே, இந்தப் படத்தின் மூலக் கோப்பு எங்கள் கடைக் கணினியில் இருக்கிறது. உங்கள் ஆட்கள் வந்து பார்க்கட்டும். எந்த நாளில் வந்தது, எப்போது நான் அதில் கை வைத்தேன் என்று அதுவே சொல்லும். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் உங்கள் அலுவலகத்துக்கு நானே கொண்டு... என்ன ஐயா? “திங்கட்கிழமை எதுக்கு? இப்பவே குடும்மா” என்கிறீர்களா? இந்தாருங்கள். இது படத்தின் இன்னொரு பிரதி. இது கடிதம். இரண்டு கையாலும் தருகிறேன்.

நடுவர் பெருமக்களே, வாசலில் இருக்கும் படத்தைக் கழற்றிவிடுங்கள். பரிசு எனக்கும் வேண்டாம், அந்தப் படத்துக்கும் வேண்டாம். இந்தப் படத்துக்குப் பரிசு உண்டா இல்லையா என்பது உங்கள் பாடு. ஆனால் அந்த ஆணியில் இது தொங்கட்டும்.

மெக்கானிக் அண்ணே! நூற்று எண்பது பேர் திட்டியபோதும் ஏணியிலிருந்து இறங்கி வந்து “பறக்கக் கூடாது” என்று சொன்னவர் நீங்கள். இப்போது ஏன் கதவோரம்? முன்னால் வாருங்கள். அண்ணி, சட்டையை விடுங்கள், அவரே நடந்து வருவார். வழிவிடுங்கள் அம்மா, கொஞ்சம் காலை மடக்குங்கள். இதோ வருகிறார்!

இவ்வளவு நேரம் ஒரு தவறைக் காது கொடுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், அழும் பிள்ளையை அடக்கிக்கொண்டு கேட்ட தாய்மார்களுக்கும், குறுக்கே கேள்வி கேட்டு என்னைத் தெளிவாகப் பேச வைத்த அந்த ஐயாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நாளை முதல் கடை வழக்கம்போல் திறந்திருக்கும். படம் கொண்டு வாருங்கள். எதையும் அழிக்கும் முன் உங்களிடம் கேட்பேன். வணக்கம்.