பதினான்காவது சுற்று

பாலை முதலில் ஊற்றிவிட்டு அதன்மேல் தேநீரை ஊற்றியிருக்கிறீர்கள், சார்ஜென்ட். பரவாயில்லை, குடிக்கலாம். தப்பாகச் செய்ததையும் சகித்துக்கொள்ளும் ஆள்தான் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

என் பெயர் வில்ஃப்ரட் டாஸ்கர், வயது எழுபத்தொன்று. நாற்பது வருடம் லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். இப்போது வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் ஃபெரெட் வண்டியின் கியர்பாக்ஸைப் பிரித்துப் பூட்டும் கருவிகள் செய்கிறேன். ஃபெரெட் என்பது பட்டாளம் கழித்துக்கட்டிய சின்னக் கவச வண்டி. இந்த டார்செட் மாவட்டத்தில் எங்கள் பழைய பட்டாள வண்டிச் சங்கத்தில் மட்டும் முப்பத்தொரு பேர் அதை வைத்திருக்கிறார்கள். எதற்கு என்று கேட்காதீர்கள். அவர்கள் மனைவிமாருக்கே இன்னும் பதில் கிடைக்கவில்லை.

அந்தக் கியர்பாக்ஸ் தனிப் பிறவி. வேண்டிய கியரைக் கையால் முதலில் குறித்துவிட்டு, அப்புறம் இடது காலால் மிதியை அழுத்த வேண்டும். அரைகுறையாக அழுத்தினால் மிதி திருப்பி உதைக்கும். எங்கள் ஆட்களில் யார் இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தாலும் நாங்கள் காரணம் விசாரிப்பதில்லை. உதைப்பது உள்ளே இருக்கும் ஒரு ஸ்பிரிங். கட்டைவிரல் தடிமன் இருக்கும். அதைக் கழற்ற முன்பு ஒரு தனிக் கருவி இருந்ததாம். பட்டாளம் வண்டிகளை விற்றது, கருவியைக் காயலான் இரும்போடு போட்டது. அரசாங்கம் என்றால் அப்படித்தான்.

ஒரே ஒரு பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு எட்டு மாதத்தில் அதை மறுபடி செய்தேன். இரண்டு தகடு, நடுவே ஒரு நீளத் திருகு. பதினான்கு சுற்றுச் சுற்றினால் ஸ்பிரிங் முழுக்க அடங்கிவிடும். நான் அதை யாருக்கும் விற்றதில்லை. இரவல் கொடுப்பேன். மரப்பெட்டியில் வைத்து, கூடவே ஒரு செய்முறைத் தாளும் வைத்துத் தருவேன். வேலை முடிந்ததும் கருவிக்கு எண்ணெய் தடவி, பெட்டிக்குள் ஒரு பாக்கெட் பிஸ்கட் வைத்துத் திருப்பித் தர வேண்டும். இதுதான் எங்களுக்குள் வழக்கம். ஒருவரும் மீறியதில்லை, டெஸ்மண்ட் பார்ஜட்டர் வரும்வரை.

அவர் கருவியே வாங்காமல் மீறினார். போன ஜூன் மாதக் கண்காட்சியில், பியர் கூடாரத்தில் வைத்து, இருபது பேர் எதிரில் சொன்னார்.

"யோவ் வில்ஃப், உன் பெட்டியெல்லாம் மியூசியத்துக்குக் குடுத்துரு. நான் பாரு, ரெண்டு கடப்பாறை, ஒரு பழைய கட்டில் சட்டம், இருபதே நிமிஷம். ஸ்பிரிங் கையில."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அதை அவர் வீடியோவாகவும் போட்டார். ஆகஸ்டுக்குள் நான்கு பேர் அவர் முறையில் பிரித்துப் பார்த்து, பூட்டத் தெரியாமல் கியர்பாக்ஸை என்னிடம் தூக்கி வந்தார்கள். நான்கிலும் கடப்பாறைத் தழும்பு. ஐம்பது வருடம் எந்த எதிரியும் தொடாத உலோகத்தில் கடப்பாறைத் தழும்பு. மூன்றாவதைப் பார்த்தபோது ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் மனைவி இறந்தபோது விருந்தாளிகள் இருந்ததால் அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை.

அக்டோபரில் டெஸ்மண்டே போன் செய்தார்.

"வில்ஃப், இந்தச் சனியன் அசைய மாட்டேங்குதப்பா. கடப்பாறை நழுவி விரலெல்லாம் தோல் போச்சு. உன் பொம்மையைக் கொஞ்சம் குடேன்."

பொம்மை என்றார். எனக்குக் கோபம் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் டைம் கேட்டேன்.

அவருக்கென்று தனியாக ஒரு திருகு கடைந்தேன். தலைக்குக் கீழே, வெளியே தெரியாத இடத்தில், ஒரு மெல்லிய வெட்டு. அதை ஈயத்தால் மூடிக் கறுப்பு ஏற்றினேன். பதின்மூன்று சுற்று தாங்க வேண்டும், பதினான்கில் உடைய வேண்டும். சொல்வது சுலபம். நான்கு முறை தோற்றேன். ஐந்தாவது மாதிரியில் ஒரே அளவில் மூன்று திருகு கடைந்து, மணல் மூட்டைக்குப் பின்னால் நின்று சோதித்தேன். மூன்றும் பதினான்கில் உடைந்தன. நான்காவது டெஸ்மண்டுக்கு.

ஏன் பதினான்கு என்றால், அந்தச் சுற்றில்தான் மனிதர்கள் குனிந்து பார்ப்பார்கள், ஸ்பிரிங் அடங்கிவிட்டதா என்று. அப்படிப் பார்க்கக்கூடாது என்று என் தாளில் ஒன்பதாவது வரியில் அடிக்கோடிட்டு அச்சடித்திருக்கிறேன். டெஸ்மண்டுக்குக் கொடுத்த தாளிலும் அந்த வரி இருந்தது. ஒரு எழுத்துக்கூடக் குறைக்கவில்லை. நான் நியாயமாக நடந்துகொண்டேன்.

பெட்டியை நானே நேரில் கொண்டுபோனேன். அவர் மனைவி கிளெனிஸ் வாசலிலேயே என் கோட்டை வாங்கிக்கொண்டார்.

"வாங்க வில்ஃப்ரட், உக்காருங்க. இப்பதான் கேக் ஆறிச்சு. இந்த மனுஷனுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்க."

சொன்னேன். "டெஸ்மண்ட், தாளைப் படிச்சிட்டு ஆரம்பி. ஒன்பதாவது வரியை மட்டுமாவது படி."

அவர் தாளை நான்காக மடித்தார். ஆடிக்கொண்டிருந்த பெஞ்சின் ஒரு காலுக்கு அடியில் செருகினார். பெஞ்சை ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை.

"பாத்தியா, உன் தாள் உபயோகமாயிருச்சு" என்றார்.

அந்த இடத்தில் நான் பெட்டியைத் திரும்பக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். இரவல் கொடுத்ததை வேலை முடியுமுன் திரும்பக் கேட்பது எங்களில் வழக்கமில்லை. கேக் நன்றாக இருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பத்தரை மணி. ஸ்பிரிங் கராஜ் கூரையைத் துளைத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக்காரர் வெங்காயப் பாத்தியில் விழுந்தது. அது போன வழியில் டெஸ்மண்டின் முகம் இருந்தது. ஸ்பிரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை, பிற்பாடு அளந்து பார்த்தேன்.

சவ ஊர்வலத்தில் ஆறு ஃபெரெட்கள் முன்னால் போயின. சங்கச் செயலாளர் பேசில் என் காதில், "பாவம்ப்பா மனுஷன். ஆனா கராஜ்ல நிக்குதே அவன் வண்டி, அதுல அடிச்சிருக்கிற பச்சை அந்தக் காலத்துப் பச்சை இல்லை, பாத்தியா?" என்றார். பார்த்தேன். இல்லைதான்.

எனக்கு நிம்மதியாக இருந்தது, சார்ஜென்ட். உங்கள் போலீஸ்காரர்கள் என்னிடம் மூன்றே கேள்வி கேட்டார்கள், மரியாதையாகப் போய்விட்டார்கள். மரண விசாரணையில் சங்கத்தார் ஒவ்வொருவராக எழுந்து, டெஸ்மண்ட் எதையும் படிக்காத ஆள் என்று சாட்சி சொன்னார்கள். அதுவரை எல்லாம் சரி. அப்புறம்தான் யாரோ ஒரு நிபுணர், முப்பது வயது இருக்கும், உடைந்த திருகை உருட்டிப் பார்த்துவிட்டு உலோகத்தில் பழுது என்றார். தீர்ப்பில் எழுதினார்கள்: விபத்து, காரணம் வீட்டில் செய்த குறையுள்ள கருவி.

அடுத்த மாதச் சங்க இதழில் பேசில் கட்டம் கட்டிப் போட்டார், டாஸ்கர் கருவிகளை உறுப்பினர்கள் உபயோகிக்க வேண்டாமென்று. அதே வாரத்தில் என் பெட்டிகள் திரும்பத் தொடங்கின. ஒவ்வொன்றும் எண்ணெய் தடவி, ஒவ்வொன்றிலும் ஒரு பாக்கெட் பிஸ்கட். ஒருவரும் ஒரு கடுஞ்சொல் எழுதவில்லை. எழுதியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என் ஷெட்டில் இப்போது கால் வைக்க இடமில்லை, எல்லாம் இஞ்சி பிஸ்கட்.

கடைசியாக முந்தாநாள் ஒரு பெட்டி வந்தது. நீங்கள் கிளெனிஸிடம் ஒப்படைத்த பெட்டி. உடைந்த திருகைத் துடைத்து, எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி வைத்திருந்தார். கூடவே பிஸ்கட்டும் ஒரு கடிதமும். இதோ, நீங்களே படியுங்கள்.

"வில்ஃப்ரட், டெஸ்மண்ட் எதையும் ஒழுங்காகத் திருப்பித் தந்ததில்லை. அவருக்காக நான் தருகிறேன். எல்லோரும் உங்களைப் பழிக்கிறார்களாம், நான் பழிக்கவில்லை. அது உடையும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு இரவாக எனக்குத் தூக்கமில்லை. மனசாட்சி என்று நினைக்கிறீர்கள், உங்கள் முகத்தில் தெரிகிறது. அந்தக் கடைசி வரியை மறுபடி படியுங்கள். எனக்குத் தெரியாதாம். நாற்பது வருடம் லேத்தில் நின்றவனுக்கு, தன் திருகு எப்போது உடையும் என்று தெரியாதாம்.

இந்தப் பையில் நான் சோதித்த மூன்று திருகுகளும், கிளெனிஸ் அனுப்பிய நான்காவதும் இருக்கின்றன. நான்காவதோடு பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள், முடி அளவு வித்தியாசம் இருக்காது. அந்த நிபுணரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். 'குறையுள்ள' என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள், கிளெனிஸுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அவர் வீணாக என்னைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.