நெட்டைத் தாண்டிய பந்து

— இதை நீயே வச்சுக்கோ வெற்றி. இனிமே என் வீட்டுல இது இருக்க வேண்டாம்.

— இன்னா சார் இது, வந்ததும் வராததுமா? பையக்கூட அவுக்காம எடுத்தாந்து நீட்றீங்க. குடுத்தது குடுத்ததுதான். அத்த நான் வாங்க மாட்டேன்.

— உன்னோட டிரைவர் மட்டைப்பா, கோல்ஃப்ல ரொம்பத் தூரம் அடிக்கிறது. உன் மச்சான் சிங்கப்பூர்லேர்ந்து தூக்கிட்டு வந்தது. இந்த ரேஞ்சுல எவன்கிட்டயும் இப்படி ஒரு மட்டை கிடையாது. ரெண்டு வருஷமா என் பீரோ மேல சும்மா கிடக்கு.

— அப்ப வித்துடுங்க. இல்லாங்காட்டி ஆடத் தெரிஞ்சவன் எவனுக்குனா குடுத்துடுங்க. என் வூட்டுக்கு மட்டும் வாணாம்.

— ஏன்ப்பா இப்படிப் பதறுற?

— பதறல சார். ஆளுங்க பந்தடிச்சுப் பழகற ரேஞ்சையே மூடறேன், மட்டைய வச்சுகினு இன்னா பண்றது? தோ பாருங்க, கம்பத்துல ஆளு ஏறிகினு கீறான். இன்னிக்குள்ள நெட்டு பூரா எறக்கிடுவானுங்க. அடுத்த வாரம் பிளாட் போட கல்லு நடறாங்க.

— நிஜமாவே மூடறியா? கோவிலம்பாக்கத்துல ஒரு கோல்ஃப் ரேஞ்சான்னு சிரிச்சவன் எல்லாம் அப்புறம் வரிசையில நின்னானே. நல்லாத்தானே ஓடிச்சு?

— ரேஞ்சு ஓடிச்சு. எனுக்குத்தான் ஓடல. இங்க வந்து குந்துனா தலைக்குள்ள ஒரு சத்தம்.

— என்ன சத்தம்?

— வுடுங்க சார். டீ சொல்லட்டா?

— டீ வேண்டாம். அது என்ன சத்தம்னு எனக்குத் தெரியும் வெற்றி. எனக்கும் கேக்குது. வீட்டுல என் சம்சாரம் ஞானஜோதி குக்கர் மூடியைக் கீழ வச்சா கேக்குது. சர்ச்சுல எல்லாரும் கண்ண மூடி ஜெபம் பண்றப்ப கேக்குது. 'டங்'குனு மட்டை பந்துல பட்ட சத்தம். அப்புறம் நெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பளை அலறினது.

— சார். அத்தப் பத்திப் பேசறதில்லன்னு முடிவு பண்ணிட்டமே.

— நீ முடிவு பண்ணின. நான் தலையாட்டினேன். இன்னைக்கு அதைப் பேசத்தான் ராஜகீழ்ப்பாக்கத்துலேர்ந்து பஸ் ஏறி வந்திருக்கேன்.

— பேசி இன்னா ஆவப்போவுது? ரெண்டு வருஷம் ஆச்சு.

— உட்காருப்பா. நின்னுகிட்டே கேக்காத. இந்த மட்டை வந்த நாள் ஞாபகம் இருக்கா? டிரைவர் வந்திருக்குன்னு நான் வீட்டுல போய்ச் சொன்னேன். கார் ஓட்ட ஆள் வச்சுட்டேன்னு நினைச்சு ஞானஜோதி என்னைப் பிடிச்சுத் திட்டினா.

— ஆமா, சொல்லி சொல்லி சிரிச்சீங்க.

— பேங்க் ஜெபகுமார் அடிச்சுட்டு என்ன சொன்னார்? 'பந்து பட்டதே கையில தெரியல சார், வெண்ணெயில கத்தி வச்ச மாதிரி இருக்கு'ன்னார். வாழ்நாள்ல ஒரு பந்து நேரா அடிச்சதில்ல அந்த மனுஷன். இதுல ஓரத்துல பட்டாக்கூட நேராப் போச்சு. நான் ரிட்டயர் ஆன வாத்தியாரு. நூத்தம்பது யார்டு அடிச்சாலே அன்னைக்கு ராத்திரி இடுப்புக்குத் தைலம். இதுல அடிச்சதும் இருநூறைத் தாண்டிடுச்சுன்னு நீ கத்தின. அன்னைக்கு எனக்கு முப்பது வயசு குறைஞ்சு போச்சு.

— நல்ல மட்டதான் சார். மட்ட மேல தப்பு இல்ல.

— தப்பு என் மேலதான். மழைக்காத்துல மேல் நெட்டு கிழிஞ்சு தொங்குது, தைக்கிற வரைக்கும் டிரைவர் யாரும் அடிக்கக் கூடாதுன்னு நீயே போர்டு எழுதி மாட்டியிருந்த. அதைப் படிச்சிட்டுத்தானே அடிச்சேன்?

— ஒண்ணே ஒண்ணு அடிங்க சார்னு மட்டைய உங்க கையில குடுத்ததே நான்தான். அத்தயும் சொல்லுங்க.

— குடுத்தா நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். கண்ணு வேற தெரியாது. அப்ப புரை ஆபரேஷன் ஆகல, நூறு யார்டுக்கு அப்பால எல்லாம் ஒரே வெள்ளை. ஒவ்வொரு பந்து அடிச்சதும் உன்னைத்தான் கேப்பேன், 'எங்க போச்சு வெற்றி?'ன்னு. நீ சொல்றதுதான் எனக்குப் பந்து போன இடம். அன்னைக்கும் கேட்டேன். நீ பதில் சொல்லல. அதுக்குள்ள அங்கேர்ந்து அந்த அலறல். அப்புறம்தான் சொன்ன, 'நெட்ட தாண்டிடுச்சு சார்'னு.

— ...சொன்னேன்.

— நான் ஓடப் பாத்தேன். கையப் பிடிச்சு நிறுத்தின. 'நீங்க போவாதீங்க, நான் பாத்துட்டு வரேன்'ன. போய் வந்து ஒண்ணுமில்லன்ன. மறுநாள் டீக்கடையில சொன்னாங்க, பின் தெருவுல தையக்காரப் பொண்ணு ஒருத்திக்கு யாரோ கல் எறிஞ்சு கண்ணு போச்சுன்னு.

— உங்களக் காப்பாத்தத்தான் சார் அன்னிக்கு... பந்து எங்கியோ புதருல போயிடுச்சு, எல்லாரும் கல்லுன்றாங்க. வாயத் தொறந்தா ஸ்டேஷன், கேஸு, உங்க பென்ஷன்னு ஒரே பேஜார். அதான்.

— அதுக்கு உனக்கு நான் நன்றி சொல்லியிருக்கேன். முழங்கால்ல நின்னு உன் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணியிருக்கேன். என் பாவத்தை மறைக்க ஒரு மனுஷன் தன் மனசுல கல்லைத் தூக்கி வச்சுகிட்டானேன்னு.

— அப்டிலாம் சொல்லாதீங்க சார். தயவு பண்ணி சொல்லாதீங்க.

— சரி, கேளு. நேத்து ஆராதனை முடிஞ்சதும் நேரா அந்த வீட்டுக்குப் போனேன்.

— எந்த வூட்டுக்கு?

— பின் தெரு. பச்சை கேட்டு.

— போனீங்களா? யாரக் கேட்டுப் போனீங்க? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது? என் பேர சொன்னீங்களா?

— சொல்லல.

— மெய்யாலுமே?

— உன் பேரை எதுக்குப்பா சொல்றேன்? நான் அடிச்சேன், நான் ஓடி ஒளிஞ்சேன்னு மட்டும்தான் சொன்னேன்.

— ...அது இன்னா சொல்லிச்சு?

— பேரு தீபலட்சுமி. என் பொண்ணு பிளஸ்ஸி வயசுதான் இருக்கும். ஸ்கூல் யூனிஃபார்ம் தைச்சுகிட்டிருந்தது. வலது கண்ணு மூடியே இருக்கு. நான் பேச ஆரம்பிச்சதும் மிஷினை நிறுத்திட்டு, தலையை ஒரு பக்கமாத் திருப்பி, இருக்கிற கண்ணால என்னைப் பாத்தது. அந்தப் பார்வைக்கு முன்னாடி என்னால உட்கார முடியல. நின்னுகிட்டேதான் சொன்னேன்.

— ஒண்ணும் திட்டலியா?

— இல்ல. அன்னைக்கு நடந்ததைச் சொல்லிச்சு. மாடியில துணி காயப்போட்டுகிட்டிருந்துதாம். எதுவோ வந்து முகத்துல அடிச்சதாம். கத்தக்கூட இல்லையாம், அப்படியே சுருண்டு விழுந்துருச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மாமியார் மேல வந்து ரத்தத்தைப் பாத்துட்டுத்தான் அலறினாங்களாம். நமக்குக் கேட்டது அந்த அம்மா குரல்.

— கொஞ்ச நேரம் கழிச்சா? எவ்ளோ நேரம்னு சொல்லிச்சா?

— அதை எதுக்குக் கேக்குற? மயங்கிக் கிடந்த பொண்ணுக்கு நேரம் எப்படித் தெரியும்?

— சும்மா கேட்டேன். சொல்லுங்க.

— ஊசியில நூல் கோக்க இப்பவும் மாமியாரைத்தான் கூப்பிடுது. ரெண்டு கண்ணு இருந்தப்ப கல்யாண பிளவுஸ் தைச்ச பொண்ணு. இப்ப நேர் தையல் மட்டும்தான். இதையெல்லாம் குறையாச் சொல்லல பாரு. விவரம் சொல்ற மாதிரி சொல்லிச்சு. அது தாங்கல எனக்கு. அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு.

— இன்னும் இன்னா?

— பக்கத்து வீட்டுல தனசிங்னு ஒருத்தர் குடியிருந்தாராம். எலக்ட்ரீஷியன். தண்ணிக் குழாய் விஷயமா ரெண்டு வீட்டுக்கும் அதுக்கு முந்தின நாள் பெரிய சண்டை. கல்லுன்னதும் இந்தப் பொண்ணுக்கு அவர் முகம்தான் வந்திருக்கு. போலீஸ்ல அவர் பேரைக் குடுத்துட்டாங்க. ரெண்டு நாள் ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காங்க. சாட்சி இல்லன்னு விட்டுட்டாங்க. ஆனா தெரு விடுமா? அவர் பொண்டாட்டிகிட்ட யாரும் முகம் குடுத்துப் பேசல. வேலைக்கு யாரும் கூப்பிடல. கடைசியில வீட்டைக் காலி பண்ணிட்டுக் கீழ்க்கட்டளைப் பக்கம் எங்கேயோ போயிட்டாங்களாம்.

— அந்தாளு போனது தெரியும்.

— உனக்குத் தெரியுமா?

— அவரு சாமானெல்லாம் ஏத்திகினு போன வண்டி இந்த கேட்டாண்டதான் நின்னுச்சு. நான் உள்ள குந்திகினு பாத்துகினே இருந்தேன். அவரு பொண்டாட்டி குழந்தயத் தூக்கிகினு முன்னாடி ஏறுச்சு. ஒருத்தன் வந்து கை குடுக்கல.

— என்கிட்ட நீ சொல்லவே இல்லையே?

— சொல்லி? நீங்க மறுபடி தூங்காம கிடப்பீங்க. அதான் சொல்லல.

— அந்தப் பொண்ணு சொல்லிச்சு, 'ரெண்டு வருஷமா தினம் விளக்கு ஏத்தறப்ப அந்த ஆளு நாசமாப் போகணும்னு வேண்டிகிட்டேன் சார். தப்பான ஆளைச் சபிச்சிருக்கேன்'னு. அப்பதான் அழுதுச்சு. கண்ணு போனதுக்கு அழல. அதுக்கு அழுதுச்சு.

— வுடுங்க சார்... போதும்.

— இன்னும் கொஞ்சம்தான். எங்கூடப் போலீசுக்கு வாம்மா, எழுதிக் குடுத்துடறேன்னேன். வேண்டாம்னுடுச்சு. உள்ள போய்த் தண்ணி கொண்டு வந்து குடுத்துச்சு. 'இத்தனை நாள் தூங்கினீங்களா சார்?'னு கேட்டுச்சு. இல்லம்மான்னேன். 'நானும் தூங்கல. பொத்துனு மறுபடி ஏதோ வந்து விழுமோன்னு மாடிக்கே போறதில்ல. எறிஞ்சவன் எதுக்கு எறிஞ்சான்னு யோசிச்சே ராத்திரி போயிடும். யாரும் எறியலங்கறீங்களே, அது போதும். உங்களை மன்னிச்சுட்டேன். இன்னைக்கு ரெண்டு பேரும் தூங்கலாம்'னுச்சு.

— மன்னிச்சுட்டேன்னா? வாயத் தொறந்து அப்டியே சொல்லிச்சா?

— அப்படியே சொல்லிச்சு. வர்ற சனிக்கிழமை அதையும் கூட்டிகிட்டு தனசிங்கைத் தேடிப் போறோம். அவர் கால்ல நான் விழணும்.

— கேஸு ஒண்ணும் இல்ல?

— இல்ல.

— ஊருக்குள்ள சொல்லப் போவுதா?

— தனசிங் மேல தப்பில்லன்னு தெருவுக்குச் சொல்லும். நான்தான்னும் சொல்லும். சொல்லட்டும், நான்தானே.

— அப்ப... முடிஞ்சிபோச்சு.

— முடிஞ்சிடுச்சு வெற்றி. நேத்து ராத்திரி தூங்கினேன் பாரு, காலையில ஞானஜோதி பயந்து போய் மூக்குல கை வச்சுப் பாத்திருக்கா. குக்கர் மூடி கீழ விழுந்துச்சு, எனக்கு எதுவும் கேக்கல. அதைச் சொல்லத்தான் வந்தேன். நீ பக்கத்துல நின்ன ஒரே பாவத்துக்கு இத்தனை நாள் என் பாரத்துல பாதியைச் சுமந்துட்ட. இறக்கி வச்சிடு. ரேஞ்சையும் மூட வேண்டாம். மேல ஏறினவனை இறங்கச் சொல்லு. என்னப்பா? எதுக்கு இப்ப அழற? நல்ல சேதிதானே சொன்னேன்?

— நீங்க தூங்கிட்டீங்க சார்.

— ஆமா. நீயும் தூங்கலாம்.

— என்னால முடியாது. இவ்ளோ நேரம் வாய மூடிகினு போயிடலாம்னுதான் பாத்தேன். எல்லாம் முடிஞ்சுது, யாருக்கும் தெரியாது, தப்பிச்சிட்டேன்னு ஒரு நிமிசம் நெனச்சேன் சார். அந்த ஒரு நிமிசம் கூட நிக்கல. மறுபடி அந்த சத்தம்.

— என்ன சொல்ற? எனக்குப் புரியல.

— அன்னிக்கு அடிக்கிறதுக்கு முன்ன நீங்க பாட்டில்ல தண்ணி புடிக்க குழாயாண்ட போனீங்க.

— போனேன். வந்ததும்தான் நீ மட்டையைக் குடுத்த.

— நீங்க வர்றதுக்குள்ள நான் ஒண்ணு அடிச்சேன். நான் எழுதுன போர்டு, என் ரேஞ்சு, எவன் கேப்பான்னு முழு பலத்துல அடிச்சேன். வாழ்க்கயில அப்டி ஒரு அடி அடிச்சதில்ல. கிழிஞ்ச எடத்துக்கு மேல ஏறி அந்தப் பக்கம் போயே போச்சு. யாரும் பாக்கல. அப்புறம் நீங்க வந்தீங்க, 'ஒண்ணே ஒண்ணு அடிங்க சார்'னு மட்டயக் குடுத்தேன். நீங்க அடிச்சீங்க. எங்க போச்சுன்னு கேட்டீங்க. அப்பத்தான் அந்த அலறல்.

— வெற்றி...

— ஒங்க பந்து நெட்டுல பட்டு கீழ வுழுந்துச்சு சார். நேத்து அந்தப் பொண்ணு மன்னிச்சுதே, அதுவும் தப்பான ஆளத்தான்.