தொப்பைப் பைக்கு வந்த வக்கீல் நோட்டீஸ்

என் பெயரையும் விலாசத்தையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது முப்பத்தெட்டு. கணவர் உயிருடன் இல்லை. துணிப் பைகளை வீட்டிலிருந்தே இணையத்தில் விற்று வந்தேன். தைப்பது என் தங்கை. படம் எடுத்துப் போட்டு, ஆர்டர் வாங்கி, பார்சல் அனுப்புவது நான்.

சென்ற மாதம் வக்கீல் நோட்டீஸ் என்று ஒன்று மின்னஞ்சலில் வந்தது. நான் விற்கும் தொப்பைப் பையின் வடிவம் வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தம் என்றும், கடையை மூடி, இருக்கும் பைகளை அழித்துப் படம் அனுப்பாவிட்டால் ஜெயில் என்றும் அதில் இருந்தது. நிஜமா பொய்யா என்று தெரியாததால், அதிலிருந்த எண்ணுக்குப் பேசிப் பார்க்கும்படி தங்கையிடம் சொன்னேன். அவள் மாடிக்குப் போய்விட்டு வந்து, "பேசிட்டேன் அக்கா. நிஜம்தான். எல்லாத்தையும் கொளுத்திடலாம்" என்றாள்.

அதன் பிறகு இருவருமாகப் பைகளைப் பின்பக்கம் குவித்தோம். மண்ணெண்ணெய் ஊற்றி நான் பற்ற வைத்தேன். நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பள்ளியிலிருந்து வந்த என் மகள், தனக்கென்று கேட்டு வைத்திருந்த பையைக் கண்டு நெருப்புக்குள் கையை விட்டுவிட்டாள். தங்கைதான் பாய்ந்து இழுத்தாள். வலது கை வெந்துவிட்டது. விரல்கள் இனி மடங்காது என்கிறார் டாக்டர்.

அதன் பிறகு, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த ஒரு வக்கீலிடம் நோட்டீஸைக் காட்டினேன். "எந்தக் கம்பெனின்னு பேரே இல்லையே. வக்கீலோட பதிவு எண்ணும் காணோம். ஆமா, தொப்பைப் பைன்னா என்னம்மா?" என்று கேட்டார். இணையத்தில் அதன் பெயர் சாப்பாட்டுப் பை. அடிப்பக்கம் உப்பியிருப்பதால் தொப்பைப் பை என்று கேலியாகச் சொல்வது நானும் தங்கையும் மட்டுமே. வாய்க்குப் பழகிய பெயர் என்பதால் எத்தனை முறை வாசித்தும் எனக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு தங்கையை வராந்தாவுக்கு அழைத்துக் கேட்டேன். அவள் மறுக்கவில்லை. "தெச்சதெல்லாம் நான். கடையில பேரு மட்டும் உன்னோடது. நீ மூடினா நான் ஆரம்பிக்கலாம்னு நினைச்சேன். பாப்பா கையை விடுவான்னு நினைக்கலையே அக்கா" என்றாள். அவளை அறைந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் மேல் வழக்குப் பதிய வேண்டும். என் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மகளிடம் நான் எதையும் சொல்லவில்லை. பற்ற வைத்தது அம்மா, இழுத்தது சித்தி என்பதுதான் அவளுக்குத் தெரியும். நான் ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சித்தி ஊட்டினால்தான் சாப்பிடுகிறாள். ஆகவே என் தங்கையைக் கூட்டிப் போவதாக இருந்தால், குழந்தை சாப்பிட்டு முடித்த பிறகு போங்கள்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே, உண்மையாகவே இருக்கிறது.

(கையொப்பம்)