தோலில் விழும் வார்த்தை

தாராவி பஸ் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் கையில் போன். மூத்தவள் கையில் தோலில் தைத்த மூக்குக்கண்ணாடிக் கூடு.

"மைனி, கண்ணாடிக் கூட்டுல கோர்ட்டு வழக்குன்னு அச்சுக் குத்துனா எவன் வாங்குவான்?"

"யாரு குத்தச் சொன்னா?"

"சரக்கு வாங்குத ஸ்பெயின் பார்ட்டி, கூட்டு மேல அவ பாஷையில பேரு கேக்கால்லா? மொழிபெயர்க்கச் சொல்லி போன்ல 'கேஸ்'னு இங்கிலீஷ்ல போட்டா, மொத வார்த்தைக்கு அர்த்தம் வழக்குங்குது. கீழ உள்ளதுக்குப் பெட்டிங்குது, உறைங்குது. சாயங்காலம் அச்சுக்காரர் வந்துருவாரு. ஏதாவது ஒண்ண வச்சிருவமா?"

"தோல்ல விழுந்தா அழிக்க முடியுமாட்டி? மொத்தச் சரக்கும் பாழு. சாம்பிள் ஓகே ஆவாம நாம என்னைக்காவது தோல்ல கத்திய வச்சிருக்கமா?"

"இல்ல."

"வார்த்தைக்கும் அதான். வீடியோ கால் போடு. கூட்டக் காட்டுதேன். அவ பேரச் சொல்லட்டும், எழுதியும் அனுப்பட்டும்."

"அவ பாஷை நமக்குத் தெரியாதே மைனி."

"சாம்பிள் காட்ட பாஷை எதுக்குட்டி?"

பஸ் வந்தது. இருவரும் ஏறவில்லை. போனுக்கு முன்னால் மூத்தவள் கூட்டைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். ரிங் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பெயரைக் கேட்காமல் போக மனமில்லாமல் நானும் பஸ்ஸை விட்டேன்.