இடது கதவில் ஒரு பேரீச்சங்கொட்டை

நல்ல பேரீச்சம்பழத்துக்குக் கொட்டை சின்னதாக இருக்கும், ஜெரார்ட் தம்பி. எங்களிடம் வாங்கிய காரின் இடது முன்கதவைப் பிரித்து, உள்ளே கிடந்ததைப் படம் எடுத்து என் வீட்டுக்காரருடைய கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறீர்களே, அது மிக நல்ல பழத்தின் கொட்டை. இது எப்படி உள்ளே போனது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இன்னொரு சந்தேகமும் எழுதியிருக்கிறீர்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன். இவர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

என் வீட்டுக்காரர் நூருல் அமீன் துறைமுகத்தில் இருபத்தாறு வருடமாகப் பாரந்தூக்கி ஓட்டுகிறார். பொழுதன்றைக்கும் இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தம். காரிலாவது காதுக்கு ஓய்வு வேண்டும் என்றார், நியாயம்தான். எங்கள் காரோ பழசு. பத்து வருட உரிமம் முடிந்து, மறுபடியும் பத்து வருடத்துக்கு நீட்டிய வண்டி. விரைவுச்சாலையில் ஏறிவிட்டால் டயர் இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. வெங்காயம் வாங்க வேண்டும் என்பதைக்கூட நான் சண்டைக்காரி மாதிரி கத்திச் சொல்வேன். இவர் சிரிப்பார்.

ஜாலான் புசாரில் ஒரு கடையில், ஒரு பக்கம் வெள்ளித்தாளும் மறுபக்கம் பசையும் உள்ள கறுப்பு ரப்பர் தகடுகளை வாங்கி வந்தார். புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மாடிக் கார் நிறுத்தத்தில் ஞாயிறுதோறும் வேலை. கதவின் உள்உறையைக் கழற்றி, தகரத்தைத் துடைத்து, தகட்டை ஒட்டி, சின்ன உருளையால் அழுத்துவார். நானும் உருளை தள்ளியிருக்கிறேன். கதவு, தரை, டிக்கி, சக்கரங்களுக்கு மேலே என்று ஒன்றையும் விடவில்லை. கைப்பேசியில் சத்தத்தை அளந்து பார்ப்பார். எழுபத்து மூன்று அறுபத்தொன்பது ஆனது, அறுபத்து நான்கு ஆனது. பிள்ளை முதல் மார்க் வாங்கிய மாதிரி அவருக்குச் சந்தோஷம்.

பெரிய சத்தம் போனதும் சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. இருக்கை வாரின் கொக்கி, கையுறைப் பெட்டியில் கிடந்த சில்லறை, கண்ணாடியில் தொங்கிய தஸ்பீஹ் மணி. எல்லாவற்றையும் பிடித்து அடக்கினார். ஒரு சனிக்கிழமை தேக்கா கடைத்தெருவுக்குப் போய்விட்டு, ஆசையாக வாங்கிய கண்ணாடி வளையல்களைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"ரபியா, அந்த வளையல கழட்டி பையில வச்சுடு லா. டிக் டிக்னு கேக்குது."

கழற்றினேன். அடுத்த வாரம் முறுக்குத் தின்னக் கூடாது என்றார். அதற்கடுத்த வாரம் வாயே திறக்காமல் வந்தேன். "மூக்கடைப்பா? நீ மூச்சு விடுறது கேக்குது," என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் எல்லாவற்றையும் வெளியேற்றிய பிறகு அந்தக் காரில் மிச்சமிருந்த சத்தம் நான் ஒருத்திதான். அது எனக்கு வலித்தது, தம்பி.

ரமலான் வந்தது. புக்கிட் மேராவில் என் தங்கை வீட்டுக்கு நோன்பு திறக்கப் போனோம். வழியில் நெரிசல். வானொலியில் பாங்கு சொல்லிவிட்டார்கள். காரிலேயே ஆளுக்கொரு பேரீச்சம்பழம் தின்றோம். கொட்டையை மடித்து வைக்க இவர் தாள் எடுத்துக் கொடுத்தார். ஜன்னல் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே ஓர் இடுக்கு இருக்கிறதல்லவா, நான் கொட்டையை அதில் அழுத்திவிட்டு வெறும் தாளை மடித்தேன்.

கார் இடப்பக்கம் திரும்பியபோது உள்ளே 'டிக்' என்றது. இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உனக்குக் கேக்குதா?"

"இல்லையே."

இருபத்தொன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் இவர் என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்தது அன்றைக்குத்தான். அதன் பிறகு தினமும் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சாங்கி, லிம் சூ காங், ஈஸ்ட் கோஸ்ட் என்று சுற்றாத இடமில்லை. இடப்பக்கம் திரும்புவதற்காகவே ஊரைச் சுற்றினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்பார், நான் இல்லை என்பேன். போகிற வழியில் தேநீர் வாங்கித் தருவார். புது மாப்பிள்ளையாக இருந்தபோதுகூட இவ்வளவு தூரம் கூட்டிப் போனதில்லை.

கதவைப் பிரித்துத் தேடினாரா என்று கேட்பீர்கள். மூன்று முறை பிரித்தார். டார்ச் பிடித்தது நான்தான். கொட்டை என் கண்ணில்தான் முதலில் படும், எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்வேன். அவர் எல்லாவற்றையும் மூடி, கை கழுவி, ஓட்டிப் பார்க்கலாம் என்று ஆசையோடு ஏறுவார். முதல் திருப்பம் வரை நிம்மதியாக ஓட்டட்டும் என்று விட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் திரும்பப் போடுவேன். அந்த அளவுக்கு எனக்கும் இரக்கம் உண்டு.

பிறகு காது மருத்துவரிடம் போனார். காரைத் தொட மனமில்லை என்றார், நானும் கூடப் பேருந்தில் போனேன். வாலிபப் பிள்ளையின் காது மாதிரி இருக்கிறது என்று மருத்துவர் பாராட்டினார். இவருக்கு முகம் செத்துப்போனது. காது நன்றாக இருந்தால் கோளாறு மண்டையில்தானே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று மாதத்துப் பொய்யை ஒரு பேருந்துப் பயணத்தில் எப்படிச் சொல்வது? அடுத்த வாரமே காரை விற்க விளம்பரம் கொடுத்தார். உங்களிடம் சாவியைக் கொடுக்கும்போது அவர் என்ன சொன்னார் என்று உங்களுக்கு நினைவிருக்கும்.

"கார்ல கோளாறு ஒண்ணும் இல்ல தம்பி. எனக்குத்தான்."

இப்போது இவர் நிம்மதியாக இருக்கிறார். சாப்பிடும்போது நடுவில் கையை நிறுத்திவிட்டுக் காதைத் தட்டிப் பார்க்கிறார், அவ்வளவுதான். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

இன்று நண்பகல் உங்கள் செய்தி வந்தபோது இவருடைய கைப்பேசி 'டிங்' என்றது. உள்ளே தொழுகைக்காகக் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"ரபியா, ஏதோ சத்தம் கேட்டுச்சே?"

கைப்பேசி என் கையில்தான் இருந்தது. உங்கள் படத்தில் அந்தக் கொட்டை பளிச்சென்று தெரிந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறார்.

"இல்லையே," என்றேன்.

தண்ணீர்க் குழாயை மூடினார். "சரி, எனக்குத்தான்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கிளம்பினார். உங்கள் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, படத்தையும் செய்தியையும் அழித்துவிட்டேன். இவரை நேரில் பார்த்துப் பேசப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வர வேண்டாம். எல்லாம் அவருடைய நிம்மதிக்காகத்தான் சொல்கிறேன்.

இனி உங்கள் இன்னொரு சந்தேகம். கொட்டையை எடுத்த பிறகும் வலப்பக்கம் பின்னாலிருந்து 'டிக்' வருகிறது, உங்களுக்கு மட்டும்தான் கேட்கிறது, கூட வருகிற ஷாரனுக்கு ஒன்றுமே கேட்கவில்லையாம் என்று எழுதியிருக்கிறீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி, நான் போட்டது ஒன்றே ஒன்றுதான்.

உங்கள் மனைவியை எதைக் கழற்றி வைக்கச் சொன்னீர்கள்?