அண்ணனுக்குக் கொடுத்த கனமான பாட்டில்

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. காகிதக் கோப்பையைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஆனால் இதே தேநீரைக் கொஞ்சம் தடித்த பீங்கானில் கொடுத்திருந்தால் இன்னும் ஒரு மடக்கு கூடக் குடித்திருப்பேன். இருபது வருஷத் தொழில் புத்தி, லேசில் போகாது.

ஒயின் ஆலையில் பாட்டிலுக்கு உடுப்பு மாட்டுவது என் வேலை. லேபிள், கார்க், மெழுகு மூடி, பெட்டி எல்லாம் நான்தான். ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். ஒயினில் ஆடை முக்கால் என்பேன். கண்ணாடி கையை இழுக்கிற கனத்தில் இருக்க வேண்டும். அடியில் கட்டைவிரல் முழுதாக உள்ளே போகிற அளவுக்குக் குழி வேண்டும். லேபிளுக்குப் பருத்தி கலந்த சொரசொரப்பான காகிதம். எழுத்து குறைவாக, சிறியதாக, தடவினால் விரலில் தட்டுப்பட வேண்டும். தங்க நிறத்தை அள்ளிப் பூசுகிறவனுக்குத் தொழில் தெரியாது. ஓரத்தில் ஒரு கீற்றுப் போதும்.

அண்ணனும் அதே ஆலைதான். சுவை பார்ப்பவர். அவர் வாயில் வைத்துச் சரி என்று சொன்னால்தான் எந்தத் தொட்டியும் பாட்டிலுக்குப் போகும். முதலாளி அவரை 'நாக்கு' என்றுதான் கூப்பிடுவார். எனக்குப் பெயர் 'தையல்காரன்'. வைத்தது அண்ணன்.

போன வருஷம் என் புது பாட்டில் பிய்த்துக்கொண்டு விற்றது. முதலாளி விருந்து வைத்து, எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டார். எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன், "சட்டையை எவன் குடிக்கிறான்? எந்த பாட்டில்ல ஊத்திக் குடுத்தாலும் என் நாக்கு சொல்லிடும்" என்றார். மேசை முழுக்கச் சிரிப்பு. என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு வலித்தது, ஐயா. அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

இந்த வருஷம் அண்ணன் வெளியூர் போயிருந்த வாரம், ஆறாம் தொட்டியில் குளிரூட்டும் குழாய் கசிந்து அதிலிருந்த திரவம் ஒயினில் கலந்துவிட்டது. ஆய்வகத்துப் பெண் தொட்டிமேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு, "இதுல ரெண்டு கிளாஸ் உள்ள போனா சிறுநீரகம் போயிடும், யாரும் தொடாதீங்க" என்றாள். கொட்டுவதற்கு முன் நான் ஒரு கேன் பிடித்து வைத்துக்கொண்டேன். எதற்கென்று அப்போது எனக்கே தெரியாது என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். தெரியும்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. புது உடுப்பைச் சோதிக்க இரண்டு பாட்டில் வைப்போம். ஒன்று மெல்லிய கண்ணாடி, திருகு மூடி, பளபளப்பு லேபிள். இன்னொன்று எங்கள் கைவண்ணம். உள்ளே இரண்டிலும் ஒரே ஒயின்; குடிப்பவருக்கு அதைச் சொல்ல மாட்டோம். அண்ணன் அந்தச் சோதனைக்கு ஒருநாளும் வந்ததில்லை. துணிக்கடையில் எனக்கென்ன வேலை என்பார்.

ஞாயிறு மதியம் இரண்டையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி ஒயின் தொடமாட்டார். அதை நினைத்துப் பார்த்துத்தான் போனேன்; நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல.

முதலில் மலிவானது. ஒரு வாய் எடுத்தவர் எழுந்துபோய்த் துப்பினார். "ச்சீ, ஈரத்துணி வாடை. என்னமோ கலந்திருக்குடா. சாக்கடையில ஊத்து இதை." நாக்கு சரியாகத்தான் சொன்னது. அந்த நாக்கைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். கனமானதைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். கட்டைவிரல் தானாக அடிக்குழியைத் தேடிப் போனது. லேபிளைத் தடவிப் பார்த்தார். மெழுகை அவரே கத்தியால் கீறினார். முகர்ந்ததும் புருவம் சுருங்கியது. அங்கேதான், ஐயா, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி லேபிளைப் பார்த்தார்.

"பழைய பீப்பாயோட மண்வாசனைடா. பழகின நாக்குக்குத்தான் இதெல்லாம் புரியும்."

மூன்று கிளாஸ் குடித்தார். மூன்றாவதை நான்தான் ஊற்றினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி. "என்ன குடிச்சீங்க? எதுன்னு தெரிஞ்சா மாற்று மருந்து இருக்கு" என்றார் டாக்டர். "கெட்டதைத் துப்பிட்டேன் டாக்டர். குடிச்சது முதல் தரம்" என்றார் அண்ணன். அண்ணி என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்களாவது சொல்லுங்க" என்றார். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. துப்பிய பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதை அண்ணன் சொன்னபடியே சாக்கடையில் ஊற்றியிருந்தேன். மற்றதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அழகாக இருக்கிறதே என்று அண்ணி அதைக் கழுவி அலமாரியில் வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் அண்ணி மருந்து வாங்கப் போன நேரத்தில் அவர் காதருகே குனிந்தேன். "அண்ணா, ரெண்டும் ஆறாம் தொட்டிதான். கெட்டுப்போன தொட்டி. ஒரே கேன்லேர்ந்து ஊத்தினேன். சட்டைதான் வேற." எனக்கு வேண்டியது ஒரே வாக்கியம்: 'நீ ஜெயிச்சிட்டடா.' அதைச் சொல்லியிருந்தால் அப்போதே டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அண்ணன் வறண்ட உதட்டோடு சிரித்தார். "போடா தையல்காரா. ஒன்னா இருந்தா என் நாக்குக்குத் தெரியாதா? அது சாக்கடை. இது... இது மாதிரி நான் குடிச்சதே இல்ல."

அன்று சாயங்காலம் போய்விட்டார். கடைசிவரை நான் சொன்னதை நம்பவில்லை.

எத்தனையோ பேர் என் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள், ஐயா. அண்ணன் வாயால் பாராட்டு வாங்கியது அந்த ஒரு தடவைதான்.