படுக்கையறையில் விழுந்த கோல்

கரியைக் கொஞ்சம் கிளறிவிடுங்கள். விடியும் வரை கரண்ட் வராது. இது கசோண்டே எனக்குச் சொன்னது. சுரங்கத்தில் என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்கிறவன். அவனுடைய அக்கா வீட்டில் நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

இரவு எட்டு மணி ஆட்டத்துக்கு இன்னும் பத்து நிமிஷம். எங்கள் செம்புச் சுரங்க ஊர் லுவான்ஷ்யாவில், சுரங்கக் கசடு மேட்டை ஒட்டிப் போகிற மண் சாலை. விளக்கு இல்லை. ஒரு நாய்கூட இல்லை. எங்கள் நாடு ஆப்பிரிக்கக் கோப்பைக் கால்பந்து ஆட்டத்தில் இருந்தால் சாலையில் யார் நிற்பார்கள்? அக்காவின் புருஷன், அவன் அத்தான் சிலேஷே புது டிவி வாங்கி, பத்துப் பேரை வீட்டுக்கு அழைத்திருந்தார். கசோண்டே அங்கே போகத்தான் வேகமாக நடந்துகொண்டிருந்தான்.

தூரத்திலேயே அத்தான் கத்துவது கேட்டது. "போட்டான்டா!" உடனே... கண்ணாடி டம்ளர் உடைகிற சத்தம். அதற்குள் ஆரம்பித்துவிட்டதா என்று ஓடினான்.

உள்ளே எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சுட்ட கோழி வாசனை. டிவியில் சோப்பு விளம்பரம். ஒரு டம்ளரும் உடையவில்லை.

"யாரு அத்தான் கோல் போட்டது?"

"வழியிலயே ரெண்டு பாட்டில் ஏத்திட்டு வந்துட்டியா மச்சான்?"

எல்லோரும் சிரித்தார்கள். இவனும் அசடு வழிய உட்கார்ந்தான்.

இருபதாவது நிமிஷம். எங்கள் பையன் ஒருத்தன் பந்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். அத்தான் துள்ளி எழுந்தார். "போட்டான்டா!" முழங்கை பட்டு டம்ளர் தரையில் விழுந்தது... அதே சத்தம். கசோண்டே மட்டும் டிவியை விட்டு உடைந்த டம்ளரையே பார்த்தான்.

இடைவேளைக்குப் பிறகு எல்லோருக்கும் கேட்டது. சாத்தியிருந்த படுக்கையறைக்குள் இருந்து ஒரு கூட்டமே முனகியது. "ஐயோ... போச்சே!"

திரும்பிப் பார்த்தார்கள். பத்து எண்ணுகிற நேரம் போயிருக்கும். எதிரணி கோல் போட்டது. இந்தப் பத்துப் பேரும் அதேபோல முனகினார்கள். "ஐயோ... போச்சே!"

சந்தேகம் நேராகக் கபாசோ மேல் போனது. பக்கத்துத் தெருக்காரன். காதில் எப்போதும் போன் ரேடியோ ஒயர் தொங்கும்.

"டேய், எங்க டிவி லேட்டா காட்டும்னு தெரிஞ்சுதானே ரேடியோ கேக்குற? உள்ள ஒரு போனை ஒளிச்சு வச்சு விளையாடுறியா?"

"நான் உங்க முன்னாடிதானேப்பா உக்காந்திருக்கேன்!"

"அதான் சந்தேகமா இருக்கு. இவ்வளவு நேரம் நீ எந்திரிக்காம இருந்ததே இல்லையே!"

அவன் போனைப் பிடுங்கி மாவு டப்பாவில் போட்டு மூடினார்கள். படுக்கையறையில் கட்டிலுக்கு அடியில், அலமாரியில், திரைக்குப் பின்னால் எல்லாம் தேடினார்கள். ஒன்றும் இல்லை. பூச்சி உருண்டை வாசனை மட்டும். திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஒருத்தரை ஒருத்தர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லார் காதும் அந்தக் கதவில் இருந்தது.

எண்பத்தெட்டாவது நிமிஷம்...

கோல் சத்தம் வரவில்லை. ஒப்பாரி வந்தது. ஒற்றைப் பெண் குரல்.

"மகாசா அப்பா... எங்களத் தனியா விட்டுட்டுப் போயிட்டீங்களே... மகாசா அப்பா..."

மும்பாவின் குரல். கசோண்டேயின் அக்கா, அந்த வீட்டுக்காரி. ஆனால் அவள் கோழித் தட்டோடு சமையலறை வாசலில், எல்லார் கண் முன்னாலும் நின்றுகொண்டிருந்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு.

ஒப்பாரிக்கு நடுவே ஒரு குழந்தையும் கேட்டது. "அம்மா, அப்பா கை ஏன் ஜில்லுனு இருக்கு?"

அதே நேரம் எங்கள் பையன் வெற்றிக் கோலைப் போட்டான். ஊரே கத்தியது, தகர டப்பாக்களைத் தட்டியது. அந்த ஒரு வீட்டில் மட்டும் எல்லோரும் மும்பாவையே பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்தில் உங்களுக்கே தெரியும். தலைப்பிள்ளை பிறந்துவிட்டால் மனைவி புருஷனைப் பேர் சொல்ல மாட்டாள், பிள்ளையின் அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அந்தக் கூட்டத்தில் சோலா அப்பா இருந்தார், கபுங்கா அப்பா இருந்தார். மகாசா அப்பா யாரும் இல்லை. சிலேஷேக்கு அப்போது பிள்ளையே இல்லை. அப்பாடா என்று எல்லோரும் கிளம்பினார்கள்.

மும்பாவுக்குத்தான் தூக்கம் போனது. "யாரு அந்த மகாசா? எவகிட்ட பெத்து வச்சிருக்கீங்க?" போனை நோண்டினாள், சம்பளக் கவரை நோண்டினாள், சட்டையை மோந்து பார்த்தாள். "சத்தியமா யாரும் இல்லடி" என்று அவர் அழாத குறை. பாவம், உண்மையைத்தான் சொன்னார்.

அடுத்த வருஷம் ஆண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி விழுந்ததும் பேர் வைக்கக் கசாமாவிலிருந்து சிலேஷேயின் அத்தை பஸ் ஏறி வந்தாள். அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. குழந்தையை மடியில் போட்டு முகத்தையே பார்த்தாள்.

"என் தாத்தா வந்திருக்காரு. மகாசா."

மும்பா காலில் விழுந்தாள். "வேற பேரு வைங்க அத்தை."

"பேரை நானா வச்சேன்? வந்தவரு அவரு. மாத்தினா பிள்ளைக்கு ஆகாது."

அன்றிலிருந்து மும்பா புருஷனை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. கையைத் தட்டுவாள். வாசலில் யாராவது "மகாசா அப்பா" என்றால் ஓடிப்போய் சண்டை போடுவாள். 

பையனுக்கு இப்போது நாலு வயது. வெகுநாள் பேச்சே வரவில்லை. அதில் கசோண்டேக்கு ஒரு நிம்மதி இருந்தது. போன வாரம் அக்கா நம்பரிலிருந்து அவனுக்கு ஒரு போன் வந்தது.

"மாமா, சனிக்கிழமை பெரிய மேட்ச். அப்பா எல்லாரையும் வரச் சொன்னாரு."

அவன் போனைக் கீழே போட்டுவிட்டான். அந்தக் குரலை அவனுக்குத் தெரியும்... அந்தப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், ஒப்பாரிக்கு நடுவே கேட்டிருக்கிறான்.

எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. நாளைக்குச் சனிக்கிழமை.